17 டாலர் 9 சென்ட்

2024 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் ஊரில் விவசாயிகள் சங்கம் என்றைக்கோ கட்டிய மர மண்டபத்தில் ஒரு வினாடிவினா நடந்தது. மாநிலச் சட்டப்பேரவைக்கு நிற்கும் ஒருவருக்குத் தேர்தல் நிதி சேர்ப்பதற்காக. நுழைவு 10 டாலர். பெரிய பானையில் பீன்ஸ் குழம்பு, சோள ரொட்டி, அப்புறம் அவரவர் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்தது. மேசைக்கு ஆறு பேர், ஒரு பென்சில், ஒரு தாள். கேள்விகள் எல்லாமே வெர்மான்ட் மாநிலத்தைப் பற்றியவை.

முதல் சுற்று எளிது. அமெரிக்காவிலேயே மிகச் சிறிய மாநிலத் தலைநகரம் எது? எங்கள் மாண்ட்பீலியர்தான், எட்டாயிரம் பேர் இருக்கிற ஊர். வெர்மான்ட் எத்தனை ஆண்டு தனி நாடாக இருந்தது? 1777 முதல் 1791 வரை, பதினான்கு ஆண்டு. தகப்பனார் கையாலேயே பதவிப் பிரமாணம் செய்துகொண்ட குடியரசுத் தலைவர் யார்? கால்வின் கூலிட்ஜ். 1923 ஆகஸ்ட் 3, விடியற்காலை 2:47 மணி, பிளிமத் நாட்ச் என்ற குக்கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். இந்தக் கேள்விக்கு மண்டபத்தில் பென்சில் ஓடாத மேசையே இல்லை.

நான்காவது சுற்றில் அந்தக் கேள்வி வந்தது. "1968-இல் செனட்டர் ஜார்ஜ் எய்க்கன் தன் கடைசித் தேர்தலுக்குச் செலவழித்த தொகை எவ்வளவு? சென்ட் வரை சரியாக எழுத வேண்டும்."

எங்கள் மேசையில் நான்தான் முதலில் பென்சிலை எடுத்தேன். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். மற்ற ஐந்து பேரும் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். 17 டாலர் 9 சென்ட் என்று எழுதினேன்.

எய்க்கன் பட்னி என்ற ஊரைச் சேர்ந்தவர். ஆளுநராக இருந்தார், பிறகு 1941 முதல் 1975 வரை செனட்டர். 1968-இல் அவருக்கு எதிராக நிற்க ஆளே இல்லை. குடியரசுக் கட்சிக்காரரான அவரையே ஜனநாயகக் கட்சியும் தன் வேட்பாளராக ஏற்றுக்கொண்டது. அந்த 17 டாலர் 9 சென்ட்டில் பெரும்பகுதி தபால் செலவு. அவர் கேட்காமலே அவருக்காக மனுவில் கையெழுத்துச் சேகரித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். எதிராளி இல்லாத தேர்தலில் செலவு குறைவது இயல்புதான், அதை மட்டும் வைத்து அவரைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐம்பத்தாறு ஆண்டு கழித்து ஒரு மாநிலத்து மக்கள் அந்தத் தொகையைச் சென்ட் வரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் எதைப் பெருமையாக நினைக்கிறார்கள் என்று அதில் தெரிகிறது.

இன்னொரு கேள்வி, பசுவுக்கு எத்தனை காம்பு என்பது. மண்டபமே சிரித்தது. இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1998-இல் செனட் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஜாக் மெக்மல்லன் என்பவர் நின்றார். பணக்காரர், மாசச்சூசெட்ஸிலிருந்து வந்து குடியேறி அதிக நாள் ஆகவில்லை. அவரை எதிர்த்து நின்றவர் ஃபிரெட் டட்டில். டன்பிரிட்ஜ் ஊரில் வாழ்நாளெல்லாம் பால் கறந்து ஓய்வு பெற்றவர், வயது 79, உள்ளூரில் எடுத்த ஒரு நகைச்சுவைப் படத்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். வானொலியில் இருவருக்கும் விவாதம். கொள்கை, வரி, வெளியுறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு டட்டில் ஊர்க் கேள்விகள் கேட்டார். சில ஊர்ப் பெயர்களைப் படிக்கச் சொன்னார், மெக்மல்லன் உச்சரிப்பில் தடுமாறினார். நம் பக்கத்தில் எட்டயபுரம் என்று எழுதிவிட்டு எட்டாவரம் என்று சொல்வதைப் போல, இங்கே கலே என்ற பிரெஞ்சு ஊர்ப் பெயரை எழுதிவிட்டுக் கேலிஸ் என்பார்கள். பிறகு பசுவுக்கு எத்தனை காம்பு என்றார். மெக்மல்லன் ஆறு என்றார்.

அதோடு முடிந்தது. மெக்மல்லன் லட்சக்கணக்கில் செலவழித்திருந்தார், டட்டிலின் செலவு சில நூறு டாலருக்குள் அடங்கும். நிதி திரட்ட டட்டில் ஆட்கள் வைத்த விருந்தில் தட்டுக்கு ஐந்து சென்ட். டட்டில்தான் ஜெயித்தார். ஜெயித்த கையோடு, தன் எதிர்க்கட்சி வேட்பாளர் பேட்ரிக் லேஹிக்கே ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படியும் பொதுத்தேர்தலில் ஐந்தில் ஒருவருக்கு மேல் டட்டில் பெயரில் குத்தினார்கள்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் 2001-இல் எசெக்ஸ் ஜங்ஷன் சிப் தொழிற்சாலைக்கு, அப்போது அது ஐபிஎம்மின் கையில் இருந்தது, வேலை விசாவில் வந்தேன். ஜனவரி மாதம். பனியைப் பார்த்துத் திகைத்து நின்றவனுக்கு மண்வெட்டி கொடுத்து வழி வெட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

2003 கோடையில் எங்கள் தெருவே பரபரப்பாக இருந்தது. பதினோரு ஆண்டு வெர்மான்ட் ஆளுநராக இருந்த ஹோவர்ட் டீன் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். ஆறு லட்சம் சொச்சம் பேர் இருக்கிற மாநிலம். மதுரை மாநகரத்தில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். இங்கிருந்து ஒருவர் வெள்ளை மாளிகைக்குப் போக முடியுமா என்பதே முதலில் யாருக்கும் நம்பிக்கை இல்லாத பேச்சு. ஆனால் இணையத்தில் பணம் வந்துகொண்டே இருந்தது. டீனின் தளத்தில் ஒரு பேஸ்பால் மட்டையின் படம் வைத்திருப்பார்கள், பணம் சேரச் சேர அதில் சிவப்பு ஏறும். ஜூலையில் துணைத் தலைவர் டிக் சேனி தென் கரோலினாவில் தட்டுக்கு 2,000 டாலர் விருந்து வைத்தபோது, டீன் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு வான்கோழி சாண்ட்விச் சாப்பிட்டார். நீங்களும் வீட்டிலிருந்தே என்னோடு சாப்பிடுங்கள், முடிந்ததைக் கொடுங்கள் என்று அழைப்பு. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்து ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. சேனியின் விருந்தில் சேர்ந்ததைவிட அதிகம். அந்த ஆண்டு மூன்றாம் காலாண்டில் மட்டும் 1.48 கோடி டாலர். அதுவரை எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் ஒரு காலாண்டில் அவ்வளவு திரட்டியதில்லை.

செப்டம்பரில் பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டில் ஒரு கூட்டம் வைத்தார். இருபது பேர் வருவார்கள், சாப்பிட்டுப் பேசிவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் காசோலை எழுதுவார்கள். நானும் வருகிறேன், எலுமிச்சை சாதம் செய்துகொண்டு வருகிறேன் என்றேன். நம் வழக்கம் அது. நாலு பேர் கூடும் வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? அவர் கொஞ்சம் யோசித்தார். சட்டம் தெரிந்த மனுஷி. வேலை விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. மத்தியத் தேர்தல், மாநிலத் தேர்தல், ஊராட்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தாலும் தடை தடைதான். கூலி வாங்காமல் உடம்பால் உழைக்கலாம், அதற்குத் தடையில்லை. "நீங்கள் வாங்க, நாற்காலி போடுங்க, தட்டு கழுவுங்க. ஆனா சாதத்தை உங்க கொடையா நான் எடுத்துக்க முடியாது" என்றார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சாமானுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். அரிசி, நிலக்கடலை, எலுமிச்சை, பர்லிங்டன் நகரத்துக் கடையில் தேடிப் பிடித்த கடுகும் கறிவேப்பிலையும் சேர்த்து 18 டாலர். எண்ணி என் கையில் வைத்தார். அந்தக் காசை வாங்கும்போது கை கூசியது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமைத்துப் போட்டதற்குக் காசு வாங்கியது அன்றைக்குத்தான் முதல்முறை. என் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொல்லவில்லை.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்து, நோட்டில் பெயர் எழுதி, வாங்கும்போது ஒரு கோடு போடுவார்கள். கோடு விழுந்தால்தான் தலைக்கட்டு. பம்பாய்க்குப் போனவர்கள், திருப்பூரில் பனியன் தைக்கிறவர்கள், எல்லோருடைய வரியும் வந்து சேரும். நான் அமெரிக்கா வந்த பிறகும் அப்பா என் பெயரில் தனியாக வரி கட்டினார். "உன் பேரு நோட்டுல இருக்குப்பா" என்று அவர் சொன்னால், ஊரில் எனக்கு இடம் இருக்கிறது என்று பொருள். அந்த வரியை வாங்க மறுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கத்தில் கிடையாது. இங்கே என் சாதத்துக்குக் காசு கொடுத்தபோது அந்த அம்மா என்னை அவமதிக்கவில்லை. கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு அது புரிய நாளாயிற்று.

இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிறகு வழக்கு நடந்தது. நியூயார்க்கில் வேலை பார்த்த ஒரு கனடா வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் தங்களுக்கும் நன்கொடை கொடுக்க உரிமை வேண்டும் என்று போனார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு நாட்டுப் பணம் இங்கே தேர்தலைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் பதினோரு ஆண்டு வரி கட்டி, பனி வெட்டி, பிள்ளையை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்த எனக்கு எங்கள் தெரு எந்தவிதத்தில் இன்னொரு நாடு என்பதையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 2021 முதல் மாண்ட்பீலியரிலும் வினூஸ்கியிலும் குடியுரிமை இல்லாமல் சட்டப்படி குடியிருப்பவர்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெருமை.

வெர்மான்டுக்கும் இந்த உள்ளூர், வெளியூர் கேள்வி புதிதில்லை. 1997-இல் ஒரு சட்டம் போட்டார்கள். மாநிலப் பேரவை வேட்பாளருக்கு ஒருவர் இரண்டு ஆண்டு தேர்தல் சுற்றில் 200 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது, மாநில செனட்டுக்கு 300, ஆளுநர் போன்ற பதவிகளுக்கு 400. ஆளுநர் பதவிக்கு அரசுப் பணத்தில் போட்டியிட விரும்பினால், குறைந்தது 1,500 வெர்மான்ட்வாசிகளிடம் ஆளுக்கு 50 டாலருக்கு மிகாமல் வாங்கி 35,000 டாலர் சேர்த்துக் காட்ட வேண்டும். அதாவது, முதலில் ஊருக்குள் வீடு வீடாகப் போய் வா என்கிறார்கள். இன்னொரு பிரிவு, வேட்பாளர் வாங்கும் பணத்தில் வெளிமாநிலத்துப் பணம் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்றது. ஊர்ப் பெருமையை இவ்வளவு நேராகச் சட்டமாக எழுதியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் முழுதாக நிற்கவில்லை. கால் பங்குப் பிரிவு கீழ் நீதிமன்றங்களிலேயே விழுந்தது. 2006 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம், 200, 300, 400 என்ற வரம்புகள் நாட்டிலேயே மிகக் குறைவு, இவ்வளவு குறைந்தால் புதிதாக நிற்பவர் போட்டியிடவே முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. நீதிபதி பிரையர் எழுதிய தீர்ப்பில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கும். தொண்டர் ஒருவர் தன் காரில் ஊர் ஊராகப் போனால் அந்தப் பயணச் செலவும் நன்கொடையாகி, வரம்பைத் தொட்டுவிடும் என்று கவலைப்பட்டிருக்கிறார். படித்தபோது என் எலுமிச்சை சாதம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் யார்? ஹோவர்ட் டீன். அதே டீன் 2003 நவம்பரில், அரசு தரும் தேர்தல் நிதியும் வேண்டாம், அதோடு வரும் செலவு வரம்பும் வேண்டாம் என்று ஆதரவாளர்களிடம் இணையத்தில் வாக்கெடுத்து முடிவு செய்தார். பணமும் வெர்மான்டிலிருந்தா வந்தது? ஆறு லட்சம் பேரிடம் எவ்வளவு எடுத்துவிட முடியும்? கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் கொடுத்தன. இதை முரண் என்று சிலர் எழுதினார்கள். முரண்தான். ஆனால் 200 டாலர் சட்டத்தின் பின்னால் இருந்த ஆசை அந்தப் பேஸ்பால் மட்டையிலும் இருந்தது: நிறையப் பேர், கொஞ்சம் கொஞ்சமாக. இந்த மாநிலம் தன் பெயரோடு சேர்த்து வெளியே அனுப்பியது அந்தப் பழக்கத்தைத்தான் என்று நான் நம்புகிறேன்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் போட்டியில், டீன் 2004 ஜனவரியில் முதல் மாநிலமான அயோவாவில் மூன்றாவதாக வந்தார். பிப்ரவரி 18-ஆம் தேதி விலகினார். எங்கள் தெருவில் அன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை. மார்ச் 2 செவ்வாய்க்கிழமை, வெர்மான்டின் ஊர்க்கூட்ட நாள். மார்ச் முதல் செவ்வாயன்று ஊர் மக்கள் பள்ளிக்கூடத்தில் கூடி, சாலைக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். அன்றே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தின் முதற்கட்டத் தேர்தலும். போட்டியிலேயே இல்லாத டீனுக்குப் பாதிக்கும் மேற்பட்ட வாக்கு விழுந்தது. அவர் ஜெயித்த ஒரே மாநிலம் இதுதான். நான் ஊர்க்கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாவின் கண் சிவந்திருந்தது.

2012-இல் எனக்குக் கிரீன் கார்டு வந்தது. அது வந்தால் நன்கொடை கொடுக்கலாம், வாக்கு மட்டும் இல்லை. 2015 ஏப்ரல் 30 அன்று பெர்னி சாண்டர்ஸ் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்பதாக அறிவித்தார். ஒரு நாளில் 15 லட்சம் டாலர் சேர்ந்தது. மே 26 அன்று பர்லிங்டன் ஏரிக்கரையில் பெரிய கூட்டம். ஐஸ்கிரீம் கம்பெனி நடத்திய பென்னும் ஜெர்ரியும் வந்திருந்தார்கள், இலவச ஐஸ்கிரீம். 1981-இல் இதே ஊருக்குப் பத்து வாக்கு வித்தியாசத்தில் மேயரானவர் மேடையில் நின்றார். புரூக்ளினில் பிறந்தவர். டீனும் நியூயார்க்கில் பிறந்தவர்தான். வெர்மான்டில் பிறந்து குடியரசுத் தலைவரான இருவரும், செஸ்டர் ஆர்தரும் கூலிட்ஜும், நியூயார்க்குக்கும் மாசச்சூசெட்ஸுக்கும் போய்த்தான் பெரிய ஆளானார்கள். இந்த மண்ணின் பெருமையாக நாங்கள் சொல்லும் பெயர்களில் பாதி வந்தவர்களுடையது, பாதி போனவர்களுடையது. பிழைக்க வந்த எனக்கு அது தெம்பு கொடுத்தது.

அன்றிரவு 27 டாலர் கொடுத்தேன். சராசரி 27 என்று பின்னால் ஊரெல்லாம் பேசப்பட்ட தொகை. நான் கொடுத்தது தற்செயல், பையனின் பியானோ வகுப்புக்கு எடுத்து வைத்த கணக்கில் மிஞ்சியது. திரையில் ஒரு சிறு கட்டம் வந்தது: நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது சட்டப்படி நிரந்தரமாகக் குடியிருப்பவன். அதில் குறியிட்ட பிறகுதான் மேலே போகும். பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தக் கட்டத்தில் குறி போட்டேன். அப்புறம் பெயர், ஊர், என்ன வேலை, எங்கே வேலை. 200 டாலருக்குக் கீழே கொடுத்தவர்களின் பெயரை வேட்பாளர் தனித்தனியாக வெளியிட வேண்டியதில்லை. ஆனால் பணம் ஆக்ட்புளூ என்ற அமைப்பின் வழியாகப் போனதால், அவர்கள் தேர்தல் ஆணையத்துக்கு ஒவ்வொரு டாலரையும் பெயரோடு கொடுக்கிறார்கள். சில மாதம் கழித்து ஆணையத்தின் தளத்தில் தேடினேன். என் பெயர், எங்கள் ஊர், வெர்மான்ட், 27.00. அந்த வரியைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "நோட்டுல ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

2018-இல் குடியுரிமை வந்தது. அதற்குப் படித்த நூறு கேள்விகளைவிட அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து சொன்ன கதைகள்தான் என்னிடம் அதிகம் தங்கின. எய்க்கனின் 17 டாலர் 9 சென்ட்டும் அவர் சொன்னதே.

வினாடிவினாவில் எங்கள் மேசை இரண்டாம் இடம். பரிசு ஆளுக்கு ஒரு குட்டிக் குப்பி மேப்பிள் பாகு. சட்டப்பேரவையில் 150 பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு நாலாயிரத்துச் சொச்சம் மக்கள். அதனால் வேட்பாளரே மேசை மேசையாக வந்து பேச முடிந்தது. முடிந்ததும் பொருளாளர், கல்லூரி வயசுப் பெண், கணக்கு நோட்டோடு வந்தாள். நான் 20 டாலர் கொடுத்தேன். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு ஓரத்தில் இருந்த அலுமினியத் தட்டைக் காட்டினாள். அடியில் நாலைந்து கடலைப் பருப்பும் ஒரு கறிவேப்பிலையும்தான் மிச்சம்.

"இது உங்களுடையதுதானே? பொருளாகக் கொடுத்ததையும் ஏற்ற வேண்டும். எவ்வளவு போடட்டும்?"

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது, காதுகூடச் சரியாகக் கேட்பதில்லை.

"18 டாலர்" என்றார்.